வீட்டுப் பட்டறைக்கு ஃபோர்மன் யார்?

பணி ஓய்வு பெற்ற அன்பர்கள் பலருக்கும் கார் ஷெட்டின் ஓரத்தில் ஒரு சிறு பட்டறை வைத்துக்கொள்ள ஆசை இருக்கிறது. சங்கத்தில் என்னைக் கண்டால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த டிரில்லிங் மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். மெஷினைக் கடைசியாக வாங்குங்கள் என்பது என் பதில்.

கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 35 வருடம் வேலை பார்த்தேன். பெரிய காயம் எதுவும் பட்டதில்லை. ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் என் வீட்டு ஷெட்டில், மழுங்கிய உளியைத் தீட்ட கிரைண்டரைப் போட்டேன். ஒரு நிமிட வேலைதானே என்று கண்ணாடி போடவில்லை. இரும்புத் துகள் கண்ணில் பாய்ந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, "ஆழமாகப் போயிருந்தால் பார்வை போயிருக்கும்" என்றார். இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் அல்ல, "கண்ணாடி எங்கே?" என்று அதட்டிய ஃபோர்மன்தான் என்பது அன்று புரிந்தது. வீட்டில் ஃபோர்மன் கிடையாது. ஆகவே பட்டறையின் அமைப்பே ஃபோர்மனாக இருக்க வேண்டும்.

முதல் செலவு மின்சாரத்துக்கு. வங்காள மழைக்காலத்தில் ஷெட் தரை ஈரமாகவே இருக்கும். எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. போடுங்கள். இரண்டு பின் பிளக்கில் வயரைச் செருகி வேலை செய்யும் பழக்கம் ஒழியட்டும்.

இரண்டாவது வெளிச்சம். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே வேலையை மறைக்கும். பெஞ்சுக்கு நேர் மேலே மாட்டுங்கள்.

மூன்றாவது, ஆடாத கனமான மர பெஞ்ச். அதில் பொருத்தும் வைஸின் மேல் விளிம்பு, நிமிர்ந்து நிற்கும் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். அரம் போடும்போது முதுகு வலிக்காது.

இவற்றுக்குப் பிறகே மெஷின். என் கிரைண்டர் சுவிட்சின் மேலேயே ஆணி அடித்துக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதைக் கையில் எடுக்காமல் சுவிட்சைத் தொட முடியாது. டிரில்லிங் மெஷின் அருகே வேட்டியும் துண்டும் வேண்டாம், கையுறையும் வேண்டாம். சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். ஷெட்டில் பெட்ரோல் வைக்காதீர்கள். கதவை மூடிக்கொண்டு கார் எஞ்சினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

"வீட்டு வேலைக்கு இத்தனை கெடுபிடியா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். என் பன்னிரண்டு வயதுப் பேரன் இப்போது ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணாடியைத்தான் தேடுகிறான். நான் மறந்தால், "தாத்தா, கண்ணாடி!" என்று அதட்டுகிறான். எனக்கு மறுபடியும் ஒரு ஃபோர்மன் கிடைத்துவிட்டார். உங்கள் பட்டறைக்கும் ஒருவரை நியமித்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.