இசைத் தட்டும் உப்புக் காற்றும்

காயல்பட்டினத்துக்குக் கிழக்கே கடல். ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் தாங்கி இஸ்லாமிய கீதங்கள் பாடிய காயல் ஷேக் முகம்மது அவர்களுடைய ஊர் அது. பழைய இசைத் தட்டுகளைப் பெட்டியில் வைத்துப் போற்றும் குடும்பங்கள் எங்கும் உண்டு. ஆனால் கடற்கரையின் ஈரக் காற்று எந்தத் தட்டையும் சும்மா விடுவதில்லை. தூசி படிந்து, பூசணம் பூத்து, பாட்டுக்கு நடுவே கடுகு வெடிப்பது போன்ற சப்தம் கிளம்புகிறது.

உடனே ஸ்பிரிட்டைத் தேடி ஓடுகிறார்கள். நாம் சொல்வது, துடைக்குமுன் தட்டு எதனால் ஆனதென்று பாருங்கள் என்பதே.

நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு பெரும்பாலும் அரக்கும் கல் பொடியும் கலந்தது. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் வஸ்து. தச்சர் மரத்துக்குப் பூசும் பாலிஷ் அப்படிக் கரைத்ததுதானே! ஆகவே அழுக்கோடு பாட்டும் போய்விடும். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட 33⅓ சுற்று நெடுந்தட்டு வினைலால் ஆனது, சற்றே வளையும். அவ்வகைத் தட்டுக்கு மட்டும், நிறைய நீர் கலந்த சுத்தமான ஸ்பிரிட் ஆகும்.

இரண்டுக்கும் பொதுவான முறை ஒன்று உண்டு. முதலில் மெல்லிய பிரஷ்ஷினால் தூசியைத் தட்டவேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய துணியை நனைத்து, கோடுகள் ஓடும் போக்கிலேயே துடைக்கவேண்டும், குறுக்கே தேய்க்கலாகாது. நடுவில் ஒட்டிய காகிதம் நனையக்கூடாது. மறுபடி வடித்த நீராலேயே துடைத்து, உடனே ஈரம் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்தவேண்டும். கிணற்று நீர் உதவாது. உலர்ந்ததும் அதன் உப்பு கோடுகளிலேயே தங்கிவிடும். பழைய உறையில் பூசணம் இருக்குமாதலால், புது உறையிலிட்டுச் செங்குத்தாக அடுக்கவேண்டும்.

ஊசி தேய்த்த கோட்டை எந்த நீரும் வளர்க்காது என்பதும் உண்மையே.

அரக்குக்கு உலகம் பெரும்பாலும் பாரத நாட்டையே நம்பியிருந்தது. ஆயினும் 1902-ல் கல்கத்தாவில் பதிவான நம்மவர் குரல், ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டாகிக் கப்பலேறித் திரும்பிற்று. அவ்வளவு தூரம் வந்த பொருளை ஒரு கரண்டி ஸ்பிரிட்டில் இழக்கலாமா? மூல அச்சு அழிந்த பாட்டுக்கு வீட்டிலுள்ள தட்டே மூலம்.