வெட்டைச் சூடு என்றவர்களே!

வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்று சொன்னேனே ஐயா! விந்தில் ரத்தம் வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது என்று கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேனே! சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? இடுப்பில் வலி உண்டா என்று கேட்டீர்களா? லாட்ஜ் அறையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, "வெட்டைச் சூடு. சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்திருக்குமே?" என்றீர்கள். அதுவும் என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!

துணியில் கறையை முதலில் பார்த்தவளே அவள்தான். பயந்துபோய் என்னை வைத்தியத்துக்குக் கிளப்பியவளும் அவள்தான். பன்னீர்த் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளத்துக்கு அடிக்கடி போய்வருகிறவன் நான். வெட்டை என்றால் கண்ட பெண்ணிடம் போய் வாங்கிவரும் நோய் என்றுதான் ஊரில் பேச்சு. வைத்தியன் என்று சொல்லிக்கொள்பவன் வாயிலிருந்து 'வெட்டை' என்று கேட்ட பெண் என்ன நினைப்பாள்? அன்று முதல் சோறு போட்டாள். முகம் பார்த்துப் பேசவில்லை. பேரன் பேத்தி எடுத்த வயதில், செய்யாத குற்றத்துக்கு என் வீட்டிலேயே நான் தலைகுனிந்து நடந்தேன். அந்த நாட்களை எவன் திருப்பித் தருவான்?

லேகியம் தந்தீர்கள். அது தீர்ந்ததும் அடுத்த முகாமுக்கு வரச் சொல்லி இன்னொரு டப்பா தந்தீர்கள். மோட்டார் பம்பு மாற்ற வைத்திருந்த பணம் அதில் போனது. இடுப்பு வலி கூடியபோது ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். அங்கும் "பந்தலுக்கடியில அண்ணாந்து நின்னு கவாத்து வெட்டுற ஆளு, வலிக்கத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை எழுதி அனுப்பினார்கள். ரத்தம் வந்த கதையை அங்கேயும் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை.

கடைசியில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர்தான் கையுறை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியே விரல் விட்டுப் பார்த்தார். சில நிமிட வேலை. சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருக்க வேண்டிய புராஸ்டேட் சுரப்பி கல்லாக இறுகியிருக்கிறது என்றார். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பொதுவாக 4 வரை இருந்தால் கவலையில்லை என்பார்களாம். எனக்கு நூற்றைத் தாண்டியிருந்தது. சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது தெரிந்தது. அதுதான் கவாத்து வலியாம்!

விந்தில் ரத்தம் என்றாலே புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இதைப் படிக்கிற இளம்பிள்ளைகள் யாரும் தூக்கம் கெட வேண்டாம். நாற்பது வயதுக்குள் அது பெரும்பாலும் கிருமித்தொற்றோ வீக்கமோதான். பல பேருக்குத் தானாகவே நின்றுவிடும். ரத்தக் கொதிப்பாலும் வரும், காசநோயாலும் வரும். புற்றாக இருப்பது குறைவுதான். ஆனால் நாற்பதைத் தாண்டியவனுக்கு அது மறுபடியும் மறுபடியும் வந்தால் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். கையில் கிடைத்த அந்த அடையாளத்தை நான் ஒளிக்கவில்லையே, வாய்விட்டுச் சொன்னேனே. கேட்டவர்கள்தான் அதை விற்றுக் காசாக்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு வேகிறது. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்றும் எனக்கு அந்த வழிதான். இரண்டு விரைகளையும் எடுத்துவிட்டார்கள். ஆண் ஹார்மோனைத் தின்று வளரும் நோயை உள்ளே வைத்துக்கொண்டிருந்தவனுக்கு 'ஆண்மை பெருக்கும்' என்று லேகியம் விற்றிருக்கிறீர்கள்! அதில் என்ன கலந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியுமா?

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தது. சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் வாசலில் வந்து நிற்பது மகள் வயதுப் பெண். அவளிடம் எந்தக் கிழவன் இதைச் சொல்வான்? அரசின் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் இவற்றைத்தான் பார்க்கிறது. எல்லா ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பது வயதைத் தாண்டியவனிடம் "ஒன்னுக்குப் போறதுல கஷ்டம் இருக்கா, ரத்தம் வருதா?" என்று கேட்க ஒரு ஆளைப் போடக்கூடாதா? அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். என் தம்பி ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறிப் போகிறவன். என்னைப் பார்த்த பிறகும் "எனக்கு அசிங்கமா இருக்குண்ணே" என்கிறான். அவன் மனதில் அந்த அசிங்கத்தை ஏற்றியது யார்?

ஆண்மைக் குறைவுக்கு, புற்றுநோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. புதிதாக ஒரு அரசாணையும் வேண்டாம். கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், தேனி வரைக்கும் பேருந்து ஏறிப் போய்ச் சுவர்களைப் பாருங்கள், அதிகாரிகளே. குற்றவாளியைத் தேடித் திரியவும் வேண்டாம். வரும் தேதியையும் செல்போன் எண்ணையும் அவர்களே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.