கரவனெல்லையில் இறங்கி நடங்கள்

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையைப் பஸ்ஸில் கடக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு வங்கி, ரெண்டு பாமசி, ஹாட்வெயார் கடைகள், அவ்வளவுதான் ஊர் என்று தோன்றும். நான் சொல்வேன், கரவனெல்லையிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து டவுன்வரை நடந்து பார்த்தால்தான் இது யார் யாருக்காக எழுந்த ஊர் என்று விளங்கும்.

முதலில் ஆறு. களனி கங்கையில் கொழும்பிலிருந்து சாமான் ஏற்றிவந்த படகுகள் இந்தப் பக்கம்வரை வந்தன. இதற்கு மேல் மலை, கண்டி ராஜ்ஜியம். அதனால்தான் ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் இங்கே கோட்டை வைத்தார்கள். அதன் வளைவு வாசல் ரெஸ்ட் ஹவுஸ் பக்கம் இன்னும் நிற்கிறது. பஸ் ஜன்னலில் அது கண்ணில் படாது. கிட்டப் போய் அந்தக் கல்லில் கை வைத்துப் பாருங்கள்.

நடக்கும்போது, ஒல்லாந்தர் காலத்து ஆங்கிலக் கைதி ரொபர்ட் நொக்ஸை நினைத்துக்கொண்டேன். 1660 இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டவர், தொப்பி பின்னி விற்கும் சாக்கில் ஊர் ஊராக நடந்து, விசாரித்து விசாரித்தே வழியைப் படித்தார். 1679 இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பியது அந்த நடையால்தான்.

டவுனுக்குள் வந்தால் வேறொரு சரித்திரம். 1931 இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. அதே வருட இடைத்தேர்தலில் அட்லின் மொலமூரேயை அரச சபைக்கு அனுப்பியது ருவான்வெல்லை. அந்தச் சபையில் உட்கார்ந்த முதல் பெண் அவர். 1934-35 மலேரியாவில் தீவு முழுவதும் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். கேகாலைப் பகுதிக்குப் பலத்த அடி. அப்போது மருந்தும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாகப் போன என்.எம். பெரேராவைச் சனங்கள் 'பருப்பு மஹாத்தயா' என்றே கூப்பிட்டார்கள். 1936 இல் இதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. வாசல் வாசலாக நடந்தவருக்குக் கிடைத்த வாக்கு அது என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் சரி. டவுனைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் லயங்களில் இருந்த நம்மவர்கள் எங்கே? எந்தப் பெயர்ப்பலகையிலும் அவர்கள் இல்லை. ஆனால் காலடியில் இருக்கிறார்கள். பிரதான வீதியை விட்டுக் கொஞ்சம் விலகினால், மரங்களுக்கிடையே சரிவில் இறங்கிவரும் குறுக்குப் பாதைகள் தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, சிரட்டையிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் தடம். சம்பள நாளில் அரிசி வாங்க வந்ததும், கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதே தடத்தில். 1903 இல் எட்டியாந்தோட்டைவரை சின்ன ரயில் வந்தது. இறப்பரையும் தேயிலையையும் ஏற்றிப்போன அந்தப் பாதை 1942 இல் மூடப்பட்டது. ஒற்றையடிப் பாதைகள் மூடப்படவில்லை.

ஒரு காலத்தில் அந்தப் பாதைகள் போகாத ஒரே இடம் வாக்குச்சாவடி. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிறகு, முதல் பெண் பிரதிநிதியைத் தந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டத்துப் பெண்களில் எத்தனையோ பேர் தேர்தல் நாளிலும் பால் வெட்டத்தான் போனார்கள். நாடற்றவர்களாகவே இருந்த கடைசிப் பேருக்கும் குடியுரிமை தர 2003 வரை சட்டம் வரவில்லை. எனக்கு அந்தக் கல் வாசலைவிட இந்த மண் தடங்கள்தான் பெரிய நினைவுச்சின்னம்.

சரிவில் விறகோடு வந்த ஓர் அம்மாவிடம் வழி கேட்டேன். "இந்தப் பக்கம் போங்க தம்பி, கோயில் வரும். அங்கன கீழ எறங்குனா டவுனு. ரோட்டால போனா சுத்து" என்றார். அந்த வழி எந்த வரைபடத்திலும் இல்லை. கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை, பால்வெட்டு முடிந்த நேரமாகப் பார்த்து, பிள்ளைகளைப் பாட்டன் பாட்டிமாரோடு இந்தப் பாதைகளில் நடக்க விடுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் லயத்தில் வழங்கும் பெயரை அவர்களையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போகட்டும்.