காயா இருக்கும் கரையில் அசேலியா எதற்கு?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்தவர்கள், அங்கே தொட்டி நிறையப் பூத்து நின்ற அசேலியாவைக் கடலோர வீட்டுக்கும் வேண்டும் என்று கேட்கிறார்கள். குட்டை ரோடோடென்ட்ரான் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இது கிடைக்குமா என்பவர்களும் உண்டு. பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் செடி விற்கும் நம் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மொட்டோடு வரவழைத்துக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும். ஆனாலும் கொடுக்கக் கூடாது என்பதே இந்த இதழின் கருத்து. அந்தச் செடியை வளர்க்கத் தெரிந்தவர்களின் அறிவு மட்டும் நமக்கு நிறையவே தேவைப்படுகிறது.

ரோடோடென்ட்ரானில் இயல்பாகவே குட்டையானவை பெரும்பாலும் இமயம் போன்ற மலைகளில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே வாழ்பவை. ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து இவற்றைச் சேகரித்தார். அவர் எழுதிய சிக்கிம் ரோடோடென்ட்ரான் நூல் 1849-ல் வெளிவரத் தொடங்கிய பிறகு ஐரோப்பியத் தோட்டங்களில் இந்தச் செடிமேல் மோகம் பெருகியது. நிவாலே என்ற இனம் 5,000 மீட்டருக்கு மேலும் தரையோடு ஒட்டி வளர்கிறது. ஆந்தோபோகான் இனத்தின் இலையை மலைமக்கள் தூபத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் உறங்கி, பனி உருகியதும் குளிர்ந்த ஈரத்தில் பூக்கும் செடிகள் இவை. காற்றும் குளிரும் கொடுத்த குட்டை உருவம் அது.

சந்தையில் வரும் தொட்டி அசேலியாவும் ரோடோடென்ட்ரான் பேரினம்தான். சிம்சி என்ற சீன இனத்திலிருந்து பெல்ஜியத்து வளர்ப்பாளர்கள் உருவாக்கிய வகைகள் இவற்றில் அதிகம். கோடையில் கட்டும் மொட்டு ஒழுங்காக விரிய, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நான்கு முதல் ஆறு வாரக் குளிர் தேவை. நம் கரையில் மார்கழி இரவிலும் வெப்பம் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. மலையில் குளிர் பெற்ற மொட்டு இங்கே வந்து விரியும், வாங்கியவர் மகிழ்ந்துபோவார். அடுத்த மொட்டுக்கு அந்தக் குளிர் எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் மண் கொதிக்கும்போது வேரே வெந்துவிடும். பூச்செண்டாக நினைத்து வாங்குபவருக்கு அப்படியே சொல்லி விற்கலாம். செடி என்று சொல்லி விற்பது நம் தொழிலுக்கு அழகல்ல.

வெப்பமண்டல ரோடோடென்ட்ரான் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. வைரேயா என்ற பிரிவில் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள், போர்னியோ முதல் நியூகினி வரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீட்ச் நர்சரி அவற்றைக் கண்ணாடி வீட்டில் இனக்கலப்புச் செய்து பல கலப்பினங்களைத் தந்தது. ஆனால் அவற்றில் பல மேகம் படியும் மலைகளில், மரக்கிளையின் பாசியில் வேர்விட்டு வாழ்பவை. வெயில் காயும் நம் பங்குனிக்கு அவையும் பழகியவை அல்ல.

இனி வேர். ரோடோடென்ட்ரானின் வேர் நூலிழையைவிட மெலிந்தது, மேல்மண்ணிலேயே பரவுவது, வேர்த்தூவி இல்லாதது. அந்த வேலையை அதனோடு கூடி வாழும் பூஞ்சைதான் செய்கிறது. மண்ணின் பி.ஹெச். 4.5 முதல் 6-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. நீர் தேங்கினால் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் வரும். இந்த மூன்றையும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படித்துத்தான் குளிர்நாட்டு வளர்ப்பாளர்கள் காற்றோட்டமான, சுண்ணாம்பு சேராத, இலைமக்கு மிகுந்த தொட்டிக் கலவைக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீரையும் மழைநீராகப் பிடித்து வைத்தார்கள்.

இந்தப் பாடம் அப்படியே பொருந்தும் செடி நம் எல்லோர் நர்சரியிலும் இருக்கிறது: மினி இட்லிப்பூ. முன்வாசலுக்கும் வேலியோரத்துக்கும் நாம் அதிகமாக விற்கும் குட்டைப் பூச்செடிகளில் ஒன்று அது. விற்ற ஓராண்டில் இலை வெளுத்துவிட்டது என்று வாடிக்கையாளர் திரும்பி வருவதும் அதற்காகத்தான். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. முற்றிய இலையில் மஞ்சள் தொடங்கினால் தழைச்சத்தையோ மக்னீசியத்தையோ பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியா வைப்பதால் பயனில்லை.

இரும்புக் குறையைப் பல நேரம் நாமே உண்டாக்குகிறோம். சிமென்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் பி.ஹெச். மெல்ல ஏறும். எல்லாச் செடிக்கும் ஒரே கலவை என்று எலும்புத்தூளும் சாம்பலும் போடுகிறோம். ரோஜாவுக்கு அது நல்லதாக இருக்கலாம், இட்லிப்பூவுக்குக் கேடு. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லி அனுப்புகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாகப் போர் தண்ணீர். பைகார்பனேட் மிகுந்த நீரைத் தினமும் ஊற்றும்போது, நாம் போட்ட அமிலக் கலவை சில மாதங்களில் காரமாகிவிடும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்தாலே தெரியும். கடலோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் நர்சரி நடத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

செய்யக்கூடியவை எளியவை. இட்லிப்பூவை மண் தொட்டியிலோ பிளாஸ்டிக்கிலோ வையுங்கள். சுண்ணாம்புக் கல் கலவாத செம்மண் இரண்டு பங்கு, இலைமக்கு இரண்டு, நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒன்று, பொடிச்சரளை ஒன்று. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். வெளுத்த செடிக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதியும் (ஃபெரஸ் சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். காரமான மண்ணில் அன்னபேதியைக் கொட்டினால் அது அங்கேயே கட்டிப்போகும். மண் வழியே கொடுக்க ஈ.டி.டி.எச்.ஏ. வகைச் செலேட் இரும்புதான் நிற்கும். விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும்.

மழைநீரை நாம் இன்னும் மதிக்கவில்லை. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 900 லிட்டர் பிடிக்கலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பக்கூடிய கரை இது. மொத்த நர்சரிக்கும் பாய்ச்ச முடியாவிட்டாலும் தாய்ச்செடிகளுக்கும் கட்டிங் வேர்பிடிக்கும் பாத்திக்கும் அது போதும். அதே மழை வடியாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது: 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிய ஒரே நாளில் மயிலத்தில் பெய்தது சுமார் 50 செ.மீ. தரையில் பரப்பி வைத்த தொட்டிகளுக்குக் கீழே ஜல்லி விரித்து வடிகால் வெட்டுவதை ஐப்பசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உதகை, குன்னூர், கொடைக்கானலில் அசேலியாவைத் தாராளமாக வளருங்கள். இலையும் தேனும் நஞ்சு என்பதை மட்டும் ஆடு வளர்ப்பவருக்குச் சொல்லிவிடுங்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரப் புல்வெளியில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசு நம் சொந்த ரோடோடென்ட்ரான். அதன் கன்றைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதை யாரும் ஆதரிக்க வேண்டாம். தூசிபோன்ற அதன் விதையை ஈரப் பாசியின்மேல் மண் மூடாமல் தூவி, வெளிச்சத்தில் வைத்து முளைக்க வைக்கலாம்.

கடற்கரைக்குத் திரும்புகிறேன். தோல்போன்ற பளபளப்பான இலை, அடர்ந்த குட்டை வடிவம், கொத்துக் கொத்தாக நீலப்பூ என்று கேட்பவருக்குக் கொடுக்க நம்மிடம் காயா இருக்கிறது. காசா என்றும் சொல்வார்கள். திருமாலின் நிறத்துக்கு உவமையான பூ. பொம்மையார்பாளையத்துக்குச் சற்று வடக்கே, கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் அது இயல்பாக வளர்கிறது. இந்தக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுச் செடி. ஆரோவில் தாவரவியல் பூங்கா இந்தக் காட்டு இனங்களைப் பெருக்குவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. காயா தன் இலையில் அலுமினியத்தைச் சேர்த்து வைக்கும். சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் நிறம் துணியில் பிடிக்கச் சாயவேரோடு காசா இலையைச் சேர்த்தது அதனால்தான். அமிலச் செம்மண்ணில்தான் அலுமினியம் கரைந்து கிடைக்கும். ஆகவே இட்லிப்பூவுக்குச் சொன்ன கலவையே இதற்கும். எலும்புத்தூள் வேண்டாம், சிமென்ட் தொட்டி வேண்டாம்.

கத்தரிப்பதில்தான் கவனம் தேவை. இலை உதிர்ந்த பழைய கொம்பின் கணுக்களிலும் காயா பூக்கும். வடிவத்துக்காக முதிர்ந்த கொம்பை வெட்டினால் பூவை வெட்டியதாகும். இளந்தளிரை மட்டும் நுனி கிள்ளி, உட்கொம்புக்கு வெளிச்சம் விழ வையுங்கள். வளர்ச்சி மெதுவானது, விற்கும் அளவுக்கு வர இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டியிருக்கும். மூன்று மாதத்தில் கைமாறும் பூச்செடிகளுக்குப் பழகிய நமக்கு அது கடினம்தான். பாத்தியில் ஒரு மூலையை ஒதுக்கி ஆண்டுதோறும் கொஞ்சம் விதைத்து வந்தால் நான்காம் ஆண்டிலிருந்து வரிசை அறுபடாது.

கோயில் காட்டில் கன்று பிடுங்காதீர்கள். வீட்டிலும் தோட்டத்திலும் நிற்கும் காயாச் செடிகளில் பழம் கறுத்ததும் பறித்து, சதையைக் கழுவி, காயவிடாமல் அன்றே நிழல்வலைக்குள் விதையுங்கள். எத்தனை விதைத்து எத்தனை முளைத்தது, எந்தக் கலவையில், எந்தத் தண்ணீரில் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் அப்படியே வெளியிடுகிறோம்.