தட்டின் மேல் குற்றமில்லை

"உங்க பெட்டி பழசு சார்" என்றார் ஒருவர். "உங்க சிடி மட்டம் சார்" என்றார் இன்னொருவர். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் என் தகப்பனார் மூன்று வருஷம் காத்திருந்து, தம் பெண்ணின் கல்யாணப் படத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். ஆகையால் இந்தக் கட்டுரையில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2007 தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். வீடியோ எடுத்தவர் எங்கள் ஊர்க்காரர். பெயர் வேண்டாம், இன்றைக்கும் தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்கிறவர். நாடாவில் பிடித்ததைக் கடையிலிருந்த பதிவு யந்திரத்தில் ஓட்டி, இரண்டு டிவிடிகளாக்கிக் கொடுத்தார். தட்டின் மேல் மணமக்கள் படம் அச்சடித்த காகிதம் ஒட்டி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வீட்டில் 2001-இல் வாங்கிய பிளேயர் ஒன்று உண்டு. பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். தட்டைப் போட்டோம். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு 'நோ டிஸ்க்' என்று எழுதிக் காட்டியது. தட்டே இல்லையாம்! கண்ணெதிரே உள்ளே போன தட்டை இல்லை என்று சாதிக்கிற பெட்டியோடு யார் வாதாடுவது?

மெக்கானிக் வந்தார். லென்ஸைத் துடைத்துக் கூலியை வாங்கிக்கொண்டு, சிடி மட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தம் யந்திரத்தில் போட்டார். நாதஸ்வரம் கணீரென்று கிளம்பிற்று. "பாருங்க, என் மெஷின்ல ஓடுதே!" என்றார். நான் என்ன பேச முடியும்? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"விடுடா, கல்யாணத்தை நேரிலேயே பார்த்தாச்சு, படம் எதுக்கு?" என்றார் அப்பா. ஆனால் தெருவில் யாராவது புதிதாகப் பிளேயர் வாங்கினார்கள் என்று காதில் விழுந்தால், "நம்ம சிடியைப் போட்டுப் பார்க்கலாமா?" என்று முதலில் கேட்பவரும் அவர்தான். நாலைந்து வீடு ஏறி இறங்கினோம். எங்கேயும் ஓடவில்லை. 2010-இல் அவர் காலமானார். தட்டுகள் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் போயின.

போன வருஷம் தங்கை மகள் அவற்றைக் கண்டெடுத்தாள். அவளுடைய மடிக்கணினியில் தட்டுப் போடும் வாயே கிடையாது. வெளியே செருகுகிற டிரைவ் ஒன்றை வாங்கி வந்து போட்டுப் பார்த்தாள். கணினி என்ன சொல்லிற்று தெரியுமா? 'இது வெற்றுத் தட்டு, எழுதலாமா?' என்று கேட்டது! அவள் விரல் பட்டனை நோக்கிப் போவதைப் பார்த்து, "கையை எடுடி!" என்று நான் போட்ட கூச்சலில் என் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

பிறகு விவரம் தெரிந்த ஓர் இளைஞர் பார்த்தார். அரை மணியில் நோயைக் கண்டுபிடித்தார். தட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது. கடைக்காரர் படத்தை எழுதினாரே தவிர, எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தைச் செய்யவில்லை. தொழிலில் அதை 'ஃபைனலைஸ்' செய்வது என்கிறார்கள். தட்டைப் பிளேயர் உள்வட்டத்திலிருந்து வெளியே நோக்கிப் படிக்கிறது. எது எங்கே இருக்கிறது என்ற விவரம் உள்வட்டத்தில் இருக்க வேண்டும். ஃபைனலைஸ் செய்தால்தான் அது அங்கே எழுதப்படும். எங்கள் எழுத்துத் தொழில் பாஷையில் சொன்னால், அச்சான பாரங்களைத் தைக்காமல், பொருளடக்கம் வைக்காமல், அட்டை போடாமல், அப்படியே வாசகன் தலையில் கட்டிவிட்டார். பதிவு செய்த யந்திரத்துக்கு மட்டும் தன் கையெழுத்து தனக்குப் புரியும். அதனால்தான் அவர் கடையில் நாதஸ்வரம் கேட்டது. உலகத்தில் வேறெங்கும் கேட்கவில்லை. ஃபைனலைஸ் செய்யச் சில நிமிஷம் பிடிக்கும். அந்தச் சில நிமிஷத்தைத்தான் அவர் மிச்சம் பிடித்தார்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். ஆனாலும் இந்த ஆத்திரத்தில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க, கடைக்காரர் சின்னக் குற்றவாளிதான் என்று தெரிந்தது. பெரிய மனிதர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

1997-இல் பயனியர் கம்பெனி, ஒருமுறை எழுதக்கூடிய டிவிடியைக் கொண்டுவந்தது. அதற்குக் கழித்தல் குறி. பிலிப்ஸ், சோனி முதலியோர் அடங்கிய போட்டிக் கூட்டம் 2002-இல் வேறொன்றைக் கொண்டுவந்தது. அதற்குக் கூட்டல் குறி. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், கடையில் ஒரே அலமாரி. ஆனால் 2002-க்கு முன்னால் செய்த பிளேயர் கூட்டல் தட்டை எப்படி அறியும்? 'நீ என்ன இனம்?' என்று கேட்கும். தெரியாத பெயராக இருந்தால் சில பெட்டிகள் வெளியே தள்ளிவிடும். இதற்காக ஒரு தந்திரமும் கண்டுபிடித்தார்கள். எழுதும்போதே, 'நான் ஆலையில் அச்சான சாதாரண டிவிடி' என்று தட்டைப் பொய் சொல்ல வைக்கலாம். பொய் சொன்னால் உள்ளே விடுவார்கள்! பேரைக் கேட்டு வாசலில் நிறுத்தி வைக்கும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

அழித்து அழித்து எழுதுகிற தட்டின் கதை இன்னும் பரிதாபம். ஆலைத் தட்டைப் போல அது ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை; மங்கலாக அனுப்புகிறது. பழைய பெட்டிகளில் சில அதை இரண்டடுக்குத் தட்டென்று தப்பாக எண்ணித் தடுமாறின. வீட்டில் எழுதிய சிடியில் இருக்கும் சாயம், சிடிக்குரிய 780 நானோமீட்டர் ஒளிக்கென்று அமைந்தது. 1996-இல் ஜப்பானில் டிவிடி பிளேயர் விற்பனைக்கு வந்த காலத்தில், 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒன்றை மட்டும் வைத்துச் செய்த பெட்டிகளுக்கு அந்தச் சாயத்தின் மேல் எழுத்தே தெரியவில்லை. விசிடியில் கல்யாணம் எடுத்த எத்தனை குடும்பங்கள், ஆசையாக டிவிடி பிளேயர் வாங்கிவந்து விழித்திருக்கும்!

இதில் ஒரு வேடிக்கை. பர்மா பஜாரில் விற்ற, பெயர் விலாசமில்லாத மலிவுப் பெட்டிகள், ஃபைனலைஸ் ஆகாத தட்டைத் தவிர மற்ற எதைப் போட்டாலும் பெரும்பாலும் ஓட்டின. கூட்டலா கழித்தலா என்று அவை கேட்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய கம்பெனிப் பெட்டிகள்தான் ஆசாரம் பார்த்தன.

"பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? காலத்தோடு போகவேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகிறேன் ஐயா, போய்த்தான் பார்த்தேன். பழைய கணினிகளுக்கு, விண்டோஸ் 98 காலத்தில், டிவிடிப் படத்தை விரித்துக் காட்டச் சக்தி போதவில்லை. தனி அட்டை செருக வேண்டியிருந்தது. புதுக் கணினிகளுக்குச் சக்தி ஏராளம், மனசு இல்லை. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், டிவிடிப் படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் கூடவே தருவதை நிறுத்திவிட்டது. காரணம், அதற்குக் கட்ட வேண்டிய உரிமைக் கட்டணம். பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய விஎல்சி என்ற இலவச நிரல் இல்லாவிட்டால் பலர் கதி அதோகதிதான். ஆக, பழசும் ஓட்டாது, புதுசும் ஓட்டாது என்றால், பழசு என்பது எப்படி ஐயா குற்றமாகும்?

என் சண்டை யந்திரத்தோடு அல்ல. வாங்கியவனைப் பார்த்து 'உனக்குத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு நகர்கிறார்களே, அந்தப் பழக்கத்தோடு. ஒருவர் நம் வீட்டு விசேஷத்தைத் தட்டில் எழுதிக் கூலி வாங்கினால், அது வேறு வீட்டிலும் ஓடுகிறதா என்று தம்முடையதல்லாத ஒரு பெட்டியில் போட்டுப் பார்ப்பது அவர் கடமை. இது என்ன தட்டு, எந்த வகையில் எழுதியது, ஃபைனலைஸ் ஆயிற்றா என்று உறையில் ஒரு வரி எழுதுவது அவர் கடமை. கணினியிலிருந்து படக் கோப்பை வெறுமனே தட்டில் கொட்டிவிட்டு, 'பழைய பிளேயரில் ஓடும்' என்று சொல்வது அபாண்டம். அந்தப் பெட்டிகளில் பல, டிவிடி முறைப்படி அமைத்த படத்தைத்தான் அறியும். இப்போது பென் டிரைவிலும், சில நாளில் காலாவதியாகிற இணைப்பிலும் கல்யாணத்தைத் தருகிறார்கள். ஓடவில்லை என்று போய்க் கேளுங்கள். 'உங்க போன் பழசு சார்' என்பார்கள்.

வாசகர்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒன்றிரண்டு தட்டு இருக்கும். 'நோ டிஸ்க்' என்று வந்தாலும், வெற்றுத் தட்டு என்று வந்தாலும் தூக்கி எறியாதீர்கள். அதன் மேல் எதையும் எழுதவும் விடாதீர்கள். ஃபைனலைஸ் ஆகாமல் போன தட்டுக்குள்ளிருந்து படத்தை மீட்டெடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. சாயம் நிரந்தரமல்ல, சீக்கிரம் செய்வது நல்லது.

எங்கள் தட்டை அந்த இளைஞர் மீட்டுக் கொடுத்தார். அன்று இரவு பதினேழு வருஷத்துக்கு முந்தின கல்யாணத்தை உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாவது தட்டில், பந்தி நடக்கிற இடத்தில், அப்பா இடுப்பில் துண்டோடு மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார். காமிரா தம்மைத் தொடர்வதைக் கண்டு, "என்னை எதுக்குப்பா எடுக்கறே? சம்பந்தியை எடு" என்று கையை வீசுகிறார். அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வீடியோக்காரரிடம் போனேன். சண்டை போடவேண்டும் என்றுதான் போனேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. கடையில் இப்போது ஜெராக்ஸ் போடுகிறார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார், சிடியில ஒரு குறையும் இல்லைன்னு!"