மாலைக்கு முன்னே மானியம்

தோழரே! வாலாஜாபாத்தில் ஒரு தறிவீட்டுக்குள் நுழைந்து, "பட்டும் சரிகையும் நீயே கடன் வாங்கிப் போட்டுக்கொள், சேலையை ஊரார் மெச்சினால் மாலையிட்டுப் பணம் தருகிறேன், மெச்சாவிட்டால் உன் பாடு!" என்று சொல்லிப் பாருங்கள். நெசவாளி நகைப்பார். கூலி போதவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அதற்காக நாம் குரல் கொடுத்தும் வருகிறோம். ஆயினும் சங்கமோ முதலாளியோ பட்டும் சரிகையும் கொடுத்த பின்னரே அவர் தறியில் பாவு ஏறுகிறது. தறிக்கு உள்ள இந்த நியாயம் விளையாட்டுத் திடலுக்கு உண்டா?

2024 செப்டம்பர் 2ஆம் நாள், நம் காஞ்சியின் மகள் துளசிமதி முருகேசன், பாரிசில் நடந்த பாராலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் வெள்ளி வென்றார். மாநில அரசு அவருக்கு 2 கோடியும், மாரியப்பன், மனிஷா, நித்யஸ்ரீ மூவருக்கும் தலா 1 கோடியும் அளித்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் துளசிமதியைப் பார்த்து நாளை மட்டையெடுக்கப் போகிறாளே ஒரு நெசவாளி மகள், அவளுடைய காலணிக்கும் பயிற்சிக்கும் பயணத்துக்கும் இன்று பணம் தருபவர் யார்?

1952இல் எல்சிங்கி செல்லக் கைப்பொருளின்றித் தவித்தார் மல்லர் கசாபா ஜாதவ். அவர் படித்த கோல்காப்பூர்க் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். வெண்கலத்தோடு திரும்பியபோதோ, நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலம் வந்தன! போகையில் ஒரு வண்டிக்கூலிக்கு வழியில்லை. வருகையில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. நாடகக்காரன் நான்; இந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது. அரங்கேற்றத்தன்று பொன்னாடை போர்த்தப் பத்துப் பேர் வருவர். ஒத்திகைக்குத் தேநீர் வாங்கித் தர ஒருவரும் வாரார்.

புதுக்கோட்டைச் சாந்தியை மறந்தோமா? 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரால் அது பறிக்கப்பட்டது. 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். பரிசுப் பணம் கொடுத்தோம். அத்தோடு கடமை தீர்ந்ததென இருந்துவிட்டோம்.

டில்லி என்ன செய்கிறது? 2014இல் தொடங்கிய ஒலிம்பிக் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்நிலை வீரருக்கு மாதம் 50,000 ரூபாய். ஏணியின் மேற்படியில் நிற்பவருக்கு அது, கீழ்ப்படி? 'கேலோ இந்தியா' திட்டத்தில் விளையாட்டுக் கட்டமைப்புக்காக உத்தரப் பிரதேசத்துக்கு 438 கோடி, குசராத்துக்கு 426 கோடி, தமிழ்நாட்டுக்கோ 20 கோடியளவு என்று 2024இல் கணக்கு வெளிவந்தது. இந்த ஓரவஞ்சனையை மேடைதோறும் எடுத்துரைப்போம்.

எடுத்துரைக்கும் நாம் நம் வீட்டுக் கணக்கையும் திறந்து வைக்க வேண்டாமா? இங்கும் திட்டங்கள் உண்டு. உச்சநிலை வீரருக்கு ஆண்டுக்கு 30 இலட்சம்வரை உதவி. அதன்கீழ் இரு படிகள். 2023இல் தொடங்கிய சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் பொதுமக்கள் நன்கொடையும் சேர்கிறது. யார் தேர்ந்தெடுக்கப்பட்டார், எந்த அளவுகோலால், எவ்வளவு பெற்றார், ஏன் நீக்கப்பட்டார் என்பவை மாவட்டந்தோறும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பணம் போனால், பந்தயத்தில் தோற்பது ஏழை வீட்டுப் பிள்ளைதான். அந்தக் கடிதம் நம் கழகத்தாரின் கையெழுத்தோடு சென்றாலும் அது அநீதியே. இதை எழுதுவதால் சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

2025இல் நாடாளுமன்றம் விளையாட்டு நிர்வாகச் சட்டம் இயற்றியுள்ளது. அமைப்புகளுக்கு மேல் ஒரு வாரியம், வழக்குகளுக்கு ஒரு தீர்ப்பாயம். டில்லியில் உட்காரும் வாரியத்தின் காதுக்கு வாலாஜாபாத் சிறுமியின் முறையீடு எட்டுமா? ஆகவே, தோழரே, வரும் திங்களன்று கிளைத் தோழர் இருவரை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் செல்லுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நம் மாவட்டத்தில் உதவி பெறுவோர் பட்டியலைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.