அந்தப் பிள்ளைகளும் நம் சங்கத்துப் பிள்ளைகளே



சென்ற மாதம் ஒருநாள் காலை. நான் வேலை பார்க்கும் டிக்கெட் கவுண்ட்டருக்கு, சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் நம் தோழர் ஒருவரின் மனைவி வந்தார். பதின்மூன்று வயது மகனைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி, நாகர்கோவிலுக்கு இரண்டு முழு டிக்கெட் கேட்டார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை. பின்னால் நின்ற இன்னொரு தாய் குறுக்கிட்டார்: "ஏம்மா முழுக்காசு குடுக்கே? சர்ட்டிபிகேட் இருந்தா பிள்ளைக்கும் கூடப் போற உனக்கும் சலுகை உண்டும்மா!"

அந்தத் தாய்க்கு இது தெரியாது. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத இத்தகைய பிள்ளைகளுக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவர் தரும் சான்று வேண்டும், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளாக அவர் முழுக் கட்டணம் கட்டி வந்திருக்கிறார். பலமுறை டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் நானே! காசை எண்ணினேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய்க்கு வழி சொன்னது அதிகாரியல்ல, சங்கமும் அல்ல. அதே துன்பத்தைச் சுமக்கும் இன்னொரு தாய்! வரிசையில் தற்செயலாக நடந்ததை, மாதந்தோறும் திட்டமிட்டு நடத்தினால் என்ன?

ஊரில் இருந்தால் பாட்டி பார்த்துக்கொள்வாள், அத்தை பார்த்துக்கொள்வாள். பிழைக்க வந்த இடத்தில் ஒற்றை அறைக்குள் தாய் ஒருத்திதான். அவள் வேலைக்குப் போக முடியாது. ஒரு கூலி போயிற்று. பயிற்சி சொல்பவர் மலையாளத்தில் சொல்வது பாதிதான் புரிகிறது. சான்றிதழ் கேட்டால் இங்கே "உங்கள் ஊருக்குப் போ" என்கிறார்கள். அங்கே "கேரளத்தில்தானே இருக்கிறாய்" என்கிறார்கள். போதாததற்கு, "என்ன பாவம் செய்தாளோ" என்று சொந்தபந்தங்களின் ஏச்சு வேறு!

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். கணிசமான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு உடையோருக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. "நமக்குப் பின்னால் யார்?" என்று இரவெல்லாம் உறங்காத பெற்றோருக்கு இது பெரிய செய்தி அல்லவா?

இந்த நகரிலேயே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. பேச்சு, செவிக் குறைபாட்டுக்கு ஆக்குளத்தில் 'நிஷ்' இருக்கிறது. குடும்பஸ்ரீயும் உள்ளாட்சிகளும் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளில் முதலாவது, 2004இல் இதே மாவட்டத்து வெங்ஙானூரில்தான் தோன்றியது. இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்?

இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. சென்னையில் 1985இல் 'வித்யாசாகர்' நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜன் இப்படியொரு பிள்ளையின் தாய். டெல்லியில் 1991இல் ஆட்டிசத்துக்காக அமைப்புக் கண்ட மெர்ரி பருவாவும் ஒரு தாயே. பெற்றோர் சங்கங்கள் பல இணைந்து 1995இல் 'பரிவார்' கூட்டமைப்பாயின. கலெக்டர் நிலையிலுள்ள அதிகாரி அமரும் உள்ளூர்க் குழுவில், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதிக்கும் சட்டமே இடம் தந்திருக்கிறது. தனியாகப் போனால் மனு. சங்கமாகப் போனால் கோரிக்கை! தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

எனவே தம்பானூர் சங்க அறையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை இப்பெற்றோர்கள் கூட வேண்டுகிறோம். சந்தா இல்லை. பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஒளித்து வைக்க வேண்டாம். தகப்பன்மாரும் கட்டாயம் வரவேண்டும். பிள்ளை தாய்க்கு மட்டும் பிறக்கவில்லை. யார் எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கொடுத்து என்ன பெற்றார்கள் என்பதை ஒரே நோட்டில் எழுதி வைப்போம். எழுதப் படிக்கத் தெரிந்த தோழர் ஒருவர் ஒவ்வொரு குடும்பத்துடனும் கூடப் போகட்டும். பயிற்சியைத் தமிழிலும் விளக்கவேண்டும் என்று கேட்போம். இது மலையாளிக்கு எதிரான குரல் அல்ல. அவர்கள் வீட்டுத் தாயும் இதே கண்ணீரைத்தான் வடிக்கிறாள். அவர்கள் அமைப்புகளோடும் கைகோப்போம்.

கூலி உயர்வுக்குக் கூடத் தெரிந்த நாம், இந்தப் பிள்ளைகளுக்காகவும் கூடுவோம்!